மரத்துக்கு மேனி தந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிற்றூர்க் கோவில் ஒன்றின் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். கொடியேற்றத்துக்கு முந்தைய நாள். சப்பரத்தில் வைப்பதற்காகப் புனித அந்தோணியாரின் மரச் சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கிக் கோவிலின் பக்கத்து அறையில் நிறுத்தியிருந்தார்கள். புதிதாகப் பூசிய எனாமல் பெயிண்டின் வாடை அறையெங்கும் நிறைந்திருந்தது. அங்கி காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளத்தது. முகம் இளஞ்சிவப்பில் மின்னியது. இறக்கும்போது எங்கோ இடித்திருக்க வேண்டும். இடது காலின் பெருவிரலில் புளியங்கொட்டை அளவுக்குப் பெயிண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. குனிந்து பார்த்தோம். மரம் தெரிவதற்கு முன்னால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஏழு நிறங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தை ஒட்டி, எலும்பின் வெண்மையில் மெல்லியதொரு சுண்ணப் படலமும், அதன்மேல் நூலிழை கனத்தில் மங்கிய மேனி நிறமும் இருந்தன.

அருகில் சப்பரத்தின் கால்களை இறுக்கிக்கொண்டிருந்த முதிய தச்சர் நிமிர்ந்து பார்த்தார். "உடுப்பு மேலே உடுப்பாப் போட்டுட்டாங்க ஐயா. உள்ளே உடம்பு எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்த அடிப்படலத்தை இட்ட கை யாருடையது என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது போன்ற படலத்தை எப்படி இடவேண்டும், யார் இடவேண்டும், அதற்கு எவ்வளவு கூலி பெறவேண்டும் என்பன பற்றி ஒரு நகரமே ஒரு காலத்தில் வழக்காடியது. அந்த நகரம் ஸ்பெயின் நாட்டின் செவில். காலம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

அன்றைய செவில் அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளி வந்து இறங்கிய துறைமுக நகரம். வெள்ளியோடு கேதுரு வகை மரமும் கப்பலில் வந்தது. நகரில் துறவற இல்லங்கள் பெருகிய காலம் அது. 1563ஆம் ஆண்டு டிசம்பரில் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் இறுதி அமர்வு, திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கம் அவை குறிக்கும் ஆண்டவரையும் புனிதரையும் சேர்கிறது என்று உறுதிப்படுத்தி, அவற்றைக் கோவில்களில் வைத்துப் போற்றவேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. சீர்திருத்தச் சபையினர் வட ஐரோப்பாவில் சுரூபங்களை உடைத்தெறிந்த அதே நூற்றாண்டில், தென்கோடியில் சுரூபங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயிர்த்தோற்றம் பெற்றன. பளிங்கும் வெண்கலமும் அரசர்களுக்கு உரியவை. பங்கு மக்கள் தோளில் சுமந்து வீதிவலம் கொண்டு செல்வதற்கு மரமே தகுந்தது.

மரம் வெட்டப்பட்ட பின்னும் மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. ஈரக் காற்றில் பருக்கிறது, கோடையில் சுருங்குகிறது. இழையின் நீளவாக்கில் இந்த மாற்றம் சொற்பம், குறுக்கே மிகுதி. ஒரு பலகையில் இழை ஒரே திசையில் ஓடும். ஆகவே தச்சர் அதற்கேற்ப வேலை செய்துகொள்வார். செதுக்கிய முகத்தில் அப்படி இயலாது. மூக்கின் நுனியில் ஒரு திசை, கன்னத்தில் ஒரு திசை, காதுமடலில் வேறொரு திசை. குறுக்கே வெட்டுண்ட முனைகள் பூசுகின்ற நிறத்தையெல்லாம் குடித்துவிட்டு வறண்டு நிற்கும். கணுக்கள் பிசினைக் கக்கும். வெறும் மரத்தின்மேல் நேரே வண்ணம் தீட்டினால் ஓரிடம் மங்கும், ஓரிடம் மினுங்கும், சில ஆண்டுகளில் இழையின் கோடுகள் எல்லாம் மேலே எழுந்து நிற்கும். ஆகவே மரத்தின் வாயை முதலில் அடைக்கவேண்டும். ஆனால் அதன் அசைவை முற்றும் கட்டிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையைத்தான் பழைய கைவினைஞர் கண்டறிந்திருந்தனர்.

இத்தாலியில் 1400ஐ ஒட்டி வாழ்ந்த சென்னீனோ சென்னீனி என்ற ஓவியர் தம் கைந்நூலில் பலகைக்கு இந்த வேலையை விளக்கியிருக்கிறார். செவில் நகரில் இதை விரிவாக எழுதிவைத்தவர் பிரான்சிஸ்கோ பச்சேகோ. 1564இல் பிறந்து 1644இல் மறைந்த இவர் ஓவியர். அதைவிட ஆசிரியர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய மாணவராக 1611இல் சேர்ந்த சிறுவன் தீயேகோ வெலாஸ்கெஸ், பின்னாளில் அவருடைய மருமகனும் ஆனார். பச்சேகோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து எழுதிய 'ஓவியக் கலை' என்னும் பெருநூல் அவர் மறைந்து ஐந்தாண்டு கழிந்து 1649இல்தான் அச்சேறியது. அந்நூலில் சமையற்குறிப்பைப் போலத் துல்லியமாக மரச்சிற்பத்துக்கு வண்ணம் தீட்டும் முறை கிடக்கிறது.

சிற்பி தம் பணியை முடித்ததும் சுரூபம் வெண்மரமாகவே ஓவியரின் பட்டறைக்குப் போகும். அதற்கு முன்பே சிற்பி ஒரு முன்னெச்சரிக்கை செய்திருப்பார்: பெரிய சுரூபங்களை ஒரே கட்டையில் செதுக்காமல் பல கட்டைகளை வச்சிரத்தால் ஒட்டி, உள்ளே குடைந்து கூடாக்கியிருப்பார். கனம் குறையும் என்பது ஒரு பயன். மரம் உலரும்போது பிளக்காது என்பது அதனினும் பெரிய பயன். ஓவியரின் பட்டறையில் முதல் வேலை கணுக்களைக் கவனிப்பது. அவற்றின்மேல் பூண்டைத் தேய்ப்பார்கள். பிளவுகளில் மரச்சில்லு செருகுவார்கள். இணைப்புகளின்மேல் மெல்லிய துணிப்பட்டையை ஒட்டுவார்கள். அதன்பின் தோல் துணுக்குகளைக் காய்ச்சி எடுத்த பசையோடு பூண்டைச் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சூட்டோடு சுரூபம் முழுவதும் ஒரு பூச்சு. சூடும் நீர்த்தன்மையும் அந்தப் பசையை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறக்கும். மேலே எதுவும் தெரியாது. நம் ஊர் வேலையாட்கள் பிரைமர் அடிக்கிறோம் என்பது இதன் கொள்ளுப்பேரன்தான்.

அடுத்து ஜிப்சச் சுண்ணம். முதலில் சுட்டுச் சலித்த பருஞ்சுண்ணத்தைப் பசையில் குழைத்துச் சில பூச்சுகள். அதன்மேல் நுண்சுண்ணம். இந்த நுண்சுண்ணத்தை நீரில் ஊறவைத்து நாள்தோறும் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். அப்போதுதான் இறுகிக் கல்லாகும் குணம் அதனிடமிருந்து நீங்கும். சென்னீனி இதற்கு ஒரு மாதம் சொல்கிறார். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு சுண்ணம் பட்டைப்போல் மென்மையாகிறது. பல மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் தேய்க்கவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அடியிலுள்ள பூச்சில் பசை வலிமையாகவும், மேலே போகப்போக மெலிந்தும் இருக்கவேண்டும். மெலிந்த தரையின்மேல் வலிய பூச்சை இட்டால், அது காயும்போது இழுத்து, அடியிலிருப்பதையும் உரித்துக்கொண்டு வரும். நம் பங்குக் கோவிலின் அந்தோணியார் விரலில் நிகழ்ந்தது இதன் இன்றைய வடிவமே. பழைய சுண்ணப் படலம் மென்மையானது. அதன்மேல் அடுக்கிய எனாமல் வன்மையானது. ஓர் இடி போதும்.

சுண்ணம் மெல்லியதாக இருக்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிமையின் ஓரத்தை நூலளவுக்குச் செதுக்கிய சிற்பியின் உழைப்பு, பருத்த பூச்சின் அடியில் புதைந்துபோகும். திறமையற்ற ஓவியர் கையில் சிக்கிய நல்ல சிற்பம், பனியில் மூடிய வயல்போல மழுங்கிவிடும். ஆகவே எந்தச் சிற்பியும் தம் சுரூபம் யார் பட்டறைக்குப் போகிறது என்பதில் கவலை கொண்டார். இந்தக் கவலை பின்னர்ச் சண்டையாக முற்றியதை மேலே பார்ப்போம்.

ஆடைக்கு ஒரு வழி, மேனிக்கு ஒரு வழி. ஆடைப் பகுதியில் சுண்ணத்தின்மேல் ஆர்மேனியச் செம்மண் எனப்படும் கொழுமையான செங்களியைப் பூசி, நீரால் நனைத்துத் தங்க ரேக்கை ஒட்டி, வழவழப்பான அகேட் கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தத் தங்கம் முழுவதையும் பின்னர் முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தால் மூடிவிடுவார்கள்! பார்ப்பவருக்கு வீண்செலவு என்றே தோன்றும். வண்ணம் காய்ந்ததும் கூர்மழுங்கிய குச்சியால் மேலே கோடுகளும் பூக்களும் கீறுவார்கள். கீறிய இடமெல்லாம் அடியிலுள்ள தங்கம் சரிகையாக வெளிப்படும். அங்கியில் பட்டும் சரிகையும் நெய்தது போன்ற அந்தத் தோற்றத்துக்கு 'எஸ்தொபாதோ' என்று பெயர். மெழுகுதிரி வெளிச்சத்தில் சுரூபம் வீதிவலம் வரும்போது அந்தச் சரிகை நடுங்கி ஒளிர்வதை மின்விளக்குக் காலத்து நாம் கற்பனை செய்துதான் பார்க்கவேண்டும்.

மேனிக்கு வண்ணம் தீட்டுவதை ஸ்பானியர் 'என்கார்னசியோன்' என்றனர். அச்சொல்லுக்கு ஊனுடல் கொடுத்தல் என்று பொருள். 'வார்த்தை மனுவானார்' என்று நாம் மூவேளைச் செபத்தில் சொல்லும் மறைபொருளுக்கும் அவர்கள் மொழியில் இதே சொல்தான். ஒரு பட்டறைச் சொல் இவ்வளவு கனத்தைத் தாங்கி நிற்பது நம்மை வியக்கவைக்கிறது. தூரிகையைக் கையிலெடுத்த ஒவ்வொரு தடவையும் அவர்கள் அந்த இறையியலை நினைத்தார்கள் என்று சொல்லமாட்டோம், கூலியையும் நினைத்திருப்பார்கள்.

இந்த மேனி வண்ணத்தில் இருவகை உண்டு. ஒன்று மெருகிட்டது. ஈய வெள்ளையை எண்ணெயில் குழைத்து, வேண்டிய செம்மை கலந்து பூசி, காய்வதற்கு முன் மென்தோலை ஈரமாக்கித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. தூரிகைச் சுவடே தெரியாது, பீங்கானைப்போல் மின்னும். மழைக்கும் தூசிக்கும் தாங்கும், துடைப்பதும் எளிது. மக்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மற்றொன்று மெருகிடாதது. எண்ணெய் வண்ணத்தை மங்கலாகவே விட்டுவிடுவது. இதில் பளபளப்புக்குப் பின்னால் ஒளிய முடியாது; கண்ணைச் சுற்றிய நிழல், நெற்றி நரம்பின் நீலம், தாடிக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள எல்லை எல்லாவற்றையும் ஓவியர் தீட்டியே காட்டவேண்டும்.

பச்சேகோ இரண்டாம் முறையின் தீவிர ஆதரவாளர். மெருகிட்ட முகங்களை மெருகு பூசிய மண்பாண்டங்களுக்கு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் செவில் நகரில் மங்கல் முறையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது தாமே என்று உரிமை கொண்டாடினார். அவர் சொன்ன காரணம் மிக எளிது: மனிதத் தோல் பாண்டத்தைப்போல் மின்னுவதில்லை, மின்னுகிற முகத்தில் விளக்கின் ஒளி பட்டுத் தெறித்து, செதுக்கிய வடிவையே குலைத்துவிடுகிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும் அவர் பளபளப்பை அனுமதித்தார். கண்களில் மட்டும் வார்னிஷ். முகம் முழுவதும் மங்கலாக இருக்கையில் கண்கள் மட்டும் ஈரமாக மின்னினால், பார்ப்பவரின் பார்வை வேறெங்கும் போகாது.

அவருடைய தூரிகைக்கு ஈடான உளி ஒன்று அதே நகரில் இருந்தது. ஹுவான் மார்த்தினெஸ் மோந்தானியேஸ் 1568இல் பிறந்தவர். 'மரத்தின் கடவுள்' என்று அவரை அழைத்தார்கள். பட்டத்தின் துணிச்சலை நாம் சற்றே மன்னித்துக்கொள்ளலாம். 1603இல் மத்தேயோ வாஸ்கெஸ் தெ லேக்கா என்ற குரு தம் சொந்தச் செபக்கூடத்துக்காக அவரிடம் பாடுபட்ட சுரூபம் ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதினார். அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. ஆண்டவர் இறந்தவராக இருக்கக்கூடாது. இறப்பதற்கு முந்தைய கணத்தில் உயிரோடு இருக்கவேண்டும். தலை வலப்பக்கம் சாய்ந்து, அடியில் முழந்தாளிட்டுச் செபிக்கிறவரை நோக்கவேண்டும். 'உனக்காகவே இந்தப் பாடுகள்' என்று அவரிடம் முறையிடுவதுபோல் பார்வை இருக்கவேண்டும் என்பன நிபந்தனைகள். மரத்தடிக்கும் செபிப்பவர் முழந்தாளுக்கும் இடையிலுள்ள தொலைவையும் கணக்கிட்டு எழுதிய ஒப்பந்தம் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

மோந்தானியேஸ் செதுக்கினார், பச்சேகோ வண்ணம் தீட்டினார். 'இரக்கத்தின் கிறிஸ்து' என்று இன்று வழங்கும் அச்சுரூபம் செவில் பேராலயத்தில் இருக்கிறது. கால்களைத் தனித்தனி ஆணியால் அறைந்திருப்பதால் மொத்தம் நான்கு ஆணிகள். பச்சேகோ பிற்காலத்தில் தம் நூலில் வாதாடிய கருத்து அது. முள்முடியின் ஒரு முள் புருவத்தைத் துளைத்து வெளியே வந்திருக்கிறது. குருதியோ மிகக் குறைவு. இரத்தம் பெருக்கிப் பயமுறுத்தும் பாடுபட்ட சுரூபங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிக்கனம் முதலில் ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

இச்சிற்பி 1591இல் ஒரு கொலை வழக்கில் சிறைப்பட்டு, இரண்டாண்டு கழித்து, இறந்தவரின் மனைவி மன்னிப்பு வழங்கியதால் வெளியே வந்தவர். இதைக் கொண்டு அச்சுரூபத்தின் முகத்துக்குப் பொருள் சொல்லப் புகுவது மிகை. எனினும் தெரிந்துகொண்டபின் அந்த முகத்தைப் பழையபடி பார்ப்பதும் இயலவில்லை.

1609இல் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் இஞ்ஞாசியாருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அதைக் கொண்டாடச் செவில் இயேசு சபையினர் கேட்ட சுரூபத்தின் தலையையும் கைகளையும் 1610இல் மோந்தானியேஸ் செதுக்க, பச்சேகோ மீண்டும் வண்ணம் தீட்டினார். உடலுக்கு மெய்யான அங்கி உடுத்துவதுதான் வழக்கம். ஆகவே மரத்துக்கு மேனி தேவைப்பட்ட இடங்கள் முகமும் கைகளும் மட்டுமே. 1556இல் இஞ்ஞாசியார் இறந்தபோது எடுத்த முகவார்ப்பின் படி ஒன்று பச்சேகோவிடம் இருந்தது. இறந்த முகத்தைப் பார்த்து உயிருள்ள முகத்தைத் தீட்டினார். அந்தப் புனிதருக்கு உருவான படிமங்கள் யாவற்றிலும் இதுவே சிறந்தது, மெய்யாகவே உயிருள்ளதுபோல் இருக்கிறது என்று தம் நூலில் தாமே பாராட்டிக்கொண்டார். தற்பெருமைதான், ஆனால் செவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவிலில் இன்றும் இருக்கும் அம்முகத்தின் படங்களைப் பார்த்தபின் அவரோடு சண்டையிட மனம் வரவில்லை. கன்னத்தில் ஓடும் கண்ணீர்த் தடம் மங்கிய தோலின்மேல் மட்டும் மினுங்குகிறது. நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் சவேரியாரை வரச்செய்த சபையை நிறுவியவரின் முகம் இது என்ற எண்ணம், நமக்கு அதை இன்னும் சற்று நெருங்கியதாக்குகிறது.

இனிச் சண்டைக்கு வருவோம். 1527ஆம் ஆண்டுச் செவில் நகர ஒழுங்குமுறைகளின்படி ஓவியத் தொழில் நான்கு பிரிவுகளாக இருந்தது. உருவம் தீட்டுவோர், பொன்பூசுவோர், சுவர் ஓவியர், துணி ஓவியர். எந்தப் பிரிவில் தேர்வு எழுதித் தேறினாரோ அந்த வேலையைத்தான் ஒருவர் ஒப்புக்கொள்ளலாம். வெலாஸ்கெஸ்கூட 1617இல் பச்சேகோ உள்ளிட்ட தேர்வாளர்களின் முன் தேறியபின்னரே ஓவியராகத் தொழில் செய்ய உரிமை பெற்றார். சிற்பிகள் வேறு கூட்டம், தச்சரோடு சேர்ந்தவர்கள். ஒரு பீடத்துக்கு வேலை வந்தால் செதுக்குவதற்கு ஓர் ஒப்பந்தம், வண்ணத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியே எழுதுவது மரபு. 1621இல் சாந்தா கிளாரா கன்னியர் மடத்தின் தலைமைப் பீடத்துக்கு மோந்தானியேஸ் முழு வேலையையும் தம் பேரில் ஒரே ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார். மொத்தத் தொகையில் முக்காற்பங்கு தமக்கு. எஞ்சிய காற்பங்கில் தாம் அமர்த்தும் ஓவியருக்குக் கூலி.

பச்சேகோ 1622 ஜூலையில் 'ஓவியக் கலையை மேற்கொண்டோருக்கு' என்று ஒரு துண்டுநூலை அச்சிட்டு வெளியிட்டார். தேர்வு எழுதாத தொழிலில் ஒருவர் எப்படி ஒப்பந்தம் செய்யலாம் என்பது அவருடைய சட்டக் கேள்வி. காலத்தாலும் மாண்பாலும் ஓவியம் சிற்பத்தைவிடக் குறைந்ததன்று என்பது கலைவாதம். மரமாயினும் கல்லாயினும் சிற்பம் உயிர்பெற ஓவியனின் கையையே நாடவேண்டியிருக்கிறது என்பது நெஞ்சில் தைக்கும் வாதம். மோந்தானியேசும் எல்லாரையும்போல் குறையுள்ள மனிதரே என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. இருபதாண்டு தோளோடு தோள் நின்று சுரூபங்களுக்கு உருவமும் உயிரும் கொடுத்த இருவர்!

யார் பக்கம் நியாயம்? கூலிக் கணக்கில் நம் மனம் பச்சேகோவின் பக்கம் சாய்கிறது. சுண்ணத்தை ஒரு மாதம் கிளறியவனுக்குக் காற்பங்கு என்பது கசப்பாகவே இருக்கிறது. அதிலும் தங்கத்தின் விலை சேர்ந்திருந்தால் இன்னும் கசப்பு. ஆயினும் சிற்பியின் அச்சத்தையும் தள்ளிவிட முடியவில்லை. தாம் செதுக்கிய கண்ணிமை வேறொருவரின் அவசரப் பூச்சில் புதைவதைத் தடுக்க, வண்ணக்காரரைத் தாமே தேர்ந்துகொள்வதைவிட வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. இந்தப் பிணக்கை அடுத்த தலைமுறையில் ஒருவர் தம் இரண்டு கைகளாலேயே தீர்த்தார். பச்சேகோவிடம் பயின்ற அலோன்சோ கானோ உளியையும் தூரிகையையும் தாமே பிடித்தார். 1655ஐ ஒட்டிக் கிரனாதா பேராலயத்துக்கு அவர் செய்த அமல உற்பவ அன்னையின் சிறு சுரூபத்தில் எங்கே செதுக்கல் முடிகிறது, எங்கே வண்ணம் தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாது. இன்னொரு தீர்வு குடும்பம். சிற்பி பெத்ரோ ரொல்தானின் மகள் லூயிசா ரொல்தான் செதுக்கிய சுரூபங்களுக்கு அவருடைய கணவரின் உடன்பிறந்தார் வண்ணம் தீட்டினார். லூயிசா 1692இல் அரசர் இரண்டாம் சார்லசின் அரண்மனைச் சிற்பியானார். அரண்மனையிலிருந்து கூலி ஒழுங்காக வராததால் வறுமையோடு மன்றாடிக் கடிதங்கள் எழுதினார்.

வடக்கே வயதோலித் நகரில் கிரெகோரியோ பெர்னாந்தெஸ் வேறு வழியில் சென்றார். இறந்து கிடக்கும் ஆண்டவரின் சுரூபத்துக்குக் கண்ணாடிக் கண்கள், தந்தப் பற்கள், கொம்பில் செய்த நகங்கள், உறைந்த குருதிக்கு மரத்தக்கை. இங்கே வண்ணத்தின் எல்லை தாண்டப்படுகிறது. நம் மனச்சாய்வை மறைக்காமல் சொல்வதானால், தக்கையும் தந்தமும் இல்லாமலே மரத்தை அழவைத்த செவில் பட்டறைதான் நமக்கு உவப்பானது. வீதியில் மண்டியிட்டு அழும் வயதோலித் மக்களுக்கு இந்த ஒப்பீடு தேவையில்லை என்பதும் உண்மையே.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி நிகழ்ந்திருந்தது. தில்மன் ரீமன்ஷ்னைடர் 1492இல் முடித்துக் கொடுத்த மியூனர்ஷ்டாட் பீடத்துக்கு வண்ணமே தீட்டாமல், மரத்தின்மேல் பழுப்பு நிற மென்பூச்சோடு விட்டுவிட்டார். மரத்தின் அழகே போதும் என்பது அவர் எண்ணம். பங்கு மக்களுக்கு அது போதவில்லை. பத்தாண்டு கடந்ததும் வைட் ஷ்டோஸ் என்ற மற்றொரு பெருஞ்சிற்பியை அழைத்து வண்ணம் தீட்டச் செய்தார்கள். நிறமில்லாத புனிதரை மக்கள் முழுமையற்றவராகவே கண்டார்கள்.

பின் வந்த நூற்றாண்டுகளில் கலை வரலாற்றாசிரியர்கள் வெள்ளைப் பளிங்கைப் போற்றி, வண்ணச் சுரூபங்களைப் பொதுமக்களின் பக்திப் பொருள் என்று ஒதுக்கினர். 2009 அக்டோபர் முதல் 2010 ஜனவரி வரை இலண்டன் தேசியக் கலைக்கூடம் ஸ்பானியச் சுரூபங்களையும் ஓவியங்களையும் ஒரே கூடத்தில் வைத்துக் காட்டியபோதுதான், வெலாஸ்கெஸ் போன்றோரின் ஓவியக் கண் இந்தச் சுரூபப் பட்டறைகளில் பழகிய கண் என்பது பலருக்கும் விளங்கியது.

அத்தகைய படலங்கள் ஒரே நாளில் அழிவதும் உண்டு. ஸ்பெயினின் நவாரா மாநிலத்தில் எஸ்தேயா என்னும் ஊரிலுள்ள புனித மிக்கேல் கோவிலில், பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித ஜார்ஜின் குதிரைச் சுரூபம் உண்டு. 2018இல் அதைத் துப்புரவாக்கக் கொடுத்தபோது, கண்ணைப் பறிக்கும் தட்டையான புது வண்ணம் பூசப்பட்டு, பொம்மைக் கடையில் வாங்கியது போல் திரும்பி வந்தது. அறிஞர்கள் பல மாதம் உழைத்துப் புதுப்பூச்சை நீக்கி 2019இல் ஓரளவுக்கு மீட்டார்கள். பழைய வண்ணத்தில் கணிசமான பகுதி போனது போனதுதான். அதே 2018இல் அஸ்தூரியாவின் ஒரு மலைக்கிராமத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு அன்னையின் சுரூபத்துக்குப் பக்தி மிகுந்த ஒருவர் பங்குத் தந்தையின் இசைவோடு பளிச்சிடும் இளஞ்சிவப்பும் பச்சையும் பூசினார். உலகம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. நம் அந்தோணியாரின் ஏழு உடுப்புகளும் நினைவுக்கு வந்தன. அவற்றை வாங்கிக் கொடுத்தவர்களில் நோயிலிருந்து தேறிய ஒரு தாயும், கடலிலிருந்து கரைசேர்ந்த ஒரு மகனும் இருந்திருக்கலாம்.

செவில் மக்களின் கண் இன்றும் கூர்மையானது. 2025 ஜூன் மாதத்தில் அவர்கள் உயிராய்ப் போற்றும் மக்கரேனா அன்னையின் சுரூபம் பராமரிப்புப் பணிக்குப் பின் மீண்டும் பீடமேறியது. கண்ணிமை மயிர்கள் சற்று மாறியிருந்தன, அவ்வளவே. காலையில் முழந்தாளிட்டவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். இது எங்கள் அம்மா அன்று என்று கோவில் வாயிலில் கூட்டம் கூடிவிட்டது. சுரூபத்தை மீண்டும் உள்ளே எடுத்துச் சென்று திருத்தவேண்டியதாயிற்று.

மோந்தானியேஸ் 1649இல் செவில் நகரைச் சூறையாடிய கொள்ளைநோயில் இறந்தார். பச்சேகோவின் நூல் அச்சாகி வெளிவந்ததும் அதே ஆண்டு. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1635இல், அரசர் நான்காம் பிலிப்பின் தலையை மாதிரியாக வனைவதற்காக அச்சிற்பி மத்ரீதுக்கு அழைக்கப்பட்டிருந்தார். அரண்மனை ஓவியராக இருந்த வெலாஸ்கெஸ் அப்போது அவரை ஓவியமாக்கினார். மாமனாரின் பழைய கூட்டாளி, மாமனாரின் துண்டுநூல் தாக்கிய எதிராளி. ஓவியம் இன்று மத்ரீதின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு ஆடையில் வயது முதிர்ந்த சிற்பி நிற்கிறார், கையில் கருவி, பார்வை நம்மேல். அவருடைய முகத்தில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வண்ணம் இருக்கிறது. எதிரே உள்ள அரசரின் களிமண் தலையை மட்டும் வெலாஸ்கெஸ் முடிக்கவில்லை. சில கோடுகள் இழுத்து, அடிப்பூச்சு தெரிய, அப்படியே விட்டிருக்கிறார்.